வேலிப்பக்கம் வந்து அளங்க

அங்க இல்லீங்க தம்பி, அங்க அளக்காதீங்க. அது வீட்டை ஒட்டின பக்கம், மண்ணு அங்கதான் மேடு. அங்க டேப்பை வச்சா எந்த மர மேடையும் நல்ல பிள்ளையாத்தான் தெரியும். இப்படி வேலிப்பக்கம் வந்து அளங்க. பாத்து, அந்தப் பலகை மழை பட்டா வழுக்கும். இதோ, இங்க வைங்க. ம், இப்ப எவ்வளவு காட்டுது? சொன்னேன்ல. என் இடுப்புக்கு வருது.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நான்தான் பாலின் ஹோல்ராய்ட். வீடும் என்னுது, தோட்டமும் என்னுது, உக்காந்து காத்து வாங்கப் போட்ட இந்த மேடையும் என் தலையில எழுதினதுதான். நீங்க போற வீட்டுல எல்லாம், அய்யோ இது ரொம்பத் தாழ்வுங்க, முப்பது சென்டிமீட்டர் கூட வராதுங்கன்னு டேப்பைப் புடிச்சு இழுப்பாங்களாக்கும். இங்க ஒருத்தி உசரம் உசரம்னு அடிச்சுக்கறா. உங்க நகரசபைக் கவுன்சிலுக்குப் போய்ச் சொல்லிச் சிரிங்க, எனக்கொண்ணும் இல்ல. ஆனா உசரம்னு எழுதிக்கோங்க.

எழுதலையா? ஏன்?

என்னது, உசந்த பக்கத்துலதான் அளக்கணுமா? தரை சரிவா இருந்தா மேடு எங்க இருக்கோ அங்கயிருந்துதான் கணக்கா? இது எந்த ஊரு நியாயம் தம்பி? இந்த ஊர்ல சமதரை எங்க இருக்கு சொல்லுங்க. பால் வாங்கப் போனா ஏறணும், வாங்கிட்டு வந்தா எறங்கணும். ஒரு உருளைக்கிழங்கு கைதவறி விழுந்துச்சுன்னா ஆத்தங்கரையில போய்த்தான் பொறுக்கணும். இப்படி ஊர்ல மேட்டுப்பக்கம் அளந்தா, பள்ளத்துப் பக்கம் இருக்கறவன் கதி என்ன? அந்தச் சட்டத்தை எழுதின மகராசன் யார்க்‌ஷயர் பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டாரு.

சரி, உங்க இஷ்டத்துக்கே அளங்க. எவ்வளவு? முப்பத்திமூணு. அப்ப தாண்டிருச்சுல்ல? முப்பதுக்கு மேல போனா அனுமதி வாங்கணும், இதைக் கட்டின என் பையன் வாங்கல, அப்ப தப்புதானே?

தப்புதான், ஆனா?

அதான பாத்தேன். மூணு சென்டிமீட்டருக்காகக் கவுன்சில் யாரையும் தொரத்தாது. இப்பவே ஒரு விண்ணப்பம் போட்டுட்டா பின்தேதியில அனுமதி குடுத்துடுவீங்க. பிரிக்க வேண்டாம், ஒரு ஆணியைக் கூடப் புடுங்க வேண்டாம். ரொம்ப சந்தோஷம் தம்பி. நாங்க வரி கட்டுறது இதுக்குத்தான்.

இல்லீங்க, உங்களைச் சொல்லல. நீங்க பாவம், மேல இருக்கறவங்க சொல்றதைச் செய்யறீங்க. உக்காருங்க, டீ கொண்டு வரேன். வேண்டாமா? அடுத்த வீட்டுக்குப் போகணுமா? அதுவும் மேடைதானா? இல்ல, கோழிக்கூடா. சரி, ஒரு நிமிஷம் இந்தப் படியில ஏறுங்க. ஏறுங்கன்னா. வேலி ஓரத்துல வந்து நில்லுங்க. இப்ப என்ன தெரியுது?

பக்கத்து வீட்டுல எல்லாம் தெரியுதுல்ல. பீன்ஸ் பந்தல், சமையலறை சன்னல், அதுக்குப் பின்னாடி கவுத்து வச்ச ஒத்தைக் கப்பு. கொடியில காயறதைப் பாக்காதீங்க, நானும் பாக்கறதில்ல. ஆனா இங்க டீயோட வந்து நின்னா கண்ணு வேற எங்கதான் போகும்? அந்த மனுசன் தன் வீட்டுக் கொல்லையில ஒரு நாற்காலி போட்டு உக்காந்தா, நான் கோயில்ல பிரசங்கம் பண்ற பாதிரியார் மாதிரி அவர் தலைக்கு மேல நிக்கறேன். அவர் தலையில எத்தனை முடி இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? இதுக்கு உங்க சட்டத்துல ஒண்ணும் இல்லையா? அடுத்தவன் அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?

இருக்கு, ஆனா விண்ணப்பம் வந்தாத்தான் அதைப் பாப்பீங்க. விண்ணப்பம் வந்தா என்ன செய்வீங்க? ஓரத்துல ஒரு மறைப்புத் தட்டி வைக்கச் சொல்வீங்க. ஆள் உசரத்துக்கு. ஏற்கெனவே ரெண்டு மீட்டர் வேலி, அதுக்கு மேல ஒரு தட்டி. அந்தப் பக்கத்துல இருந்து பாத்தா சிறைச்சாலை மதில் மாதிரி இருக்குமே தம்பி. அவரு சூரியனையே ஆகஸ்ட் மாசம் ஒரு தடவை பாத்துக்க வேண்டியதுதான். வேண்டாம். தட்டி வேண்டவே வேண்டாம். அது இதைவிட மோசம்.

அவரா? என்கிட்ட ஏதாவது குறை சொன்னாரான்னா கேக்குறீங்க? மிஸ்டர் ஆக்ராய்டா? அவர் வீட்டுக் கூரை தீப்புடிச்சு எரிஞ்சா, இன்னிக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கேன்னு சொல்ற ஆளு அவரு. நெவில் ஆக்ராய்ட். தண்ணி வாரியத்துல வேலை பாத்து ஓய்வு வாங்கினவரு. பொண்டாட்டி போய்ச் சேந்து ரொம்ப காலம் ஆச்சு. புள்ளைகுட்டி இல்ல. மேடை வந்த மறுநாள் அந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் வீட்டு முன்பக்கம் குப்பைத் தொட்டிங்க பக்கத்துல போட்டுக்கிட்டாரு. ஜூலை மாசம், ராத்திரி ஒம்போதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கு, அந்த மனுசன் குப்பைத் தொட்டிங்களோட உக்காந்து தெருவுல போற காரை எண்ணிக்கிட்டிருக்காரு. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

எனக்கு ஏன் எரியுதா? நல்ல கேள்வி.

இந்த வேலி என் வீட்டுக்காரர் ரெஜ் போட்டது. அவருக்கு யாரும் பாக்கக் கூடாது, யாரையும் பாக்கக் கூடாது. சட்டப்படி எவ்வளவு உசரம் போடலாமோ அவ்வளவும் போட்டாரு, ஒரு விரல்கடை கூட விட்டுக்குடுக்கல. ஒரு ஓட்டை கிடையாது, ஒரு இடுக்கு கிடையாது. அவரு போனதுக்கப்பறம் ஒரு நாள் சாயங்காலம் நான் இங்க குனிஞ்சு நின்னு நத்தைங்களைத் திட்டிக்கிட்டிருக்கேன். ஓடு இல்லாத நத்தை, கீரையெல்லாம் தின்னு தீத்துடுச்சு. வாயில வந்த வார்த்தையெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாது. அப்ப வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு குரல். கிண்ணத்துல கொஞ்சம் பியர் ஊத்தி வைங்க மிசஸ் ஹோல்ராய்ட், அதுல விழுந்து செத்துடும்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. அத்தனையும் கேட்டிருக்காரு. நன்றிங்கன்னேன். மறுநாள் சாயங்காலம், விழுந்துச்சான்னு கேட்டாரு. விழுந்துச்சுன்னேன். குடிச்சுட்டுச் செத்தா நல்ல சாவுதான்னாரு. நான் சிரிச்சுட்டேன். ரெஜ் போன பின்னாடி அன்னிக்குத்தான் சத்தமாச் சிரிச்சேன்.

அப்படியே பழகிப் போச்சு. மழை இல்லாத சாயங்காலமெல்லாம் அந்தப் பக்கம் அவர் நாற்காலி, இந்தப் பக்கம் என் நாற்காலி, நடுவுல பலகை. என்ன பேசுவோம்னா, ஒண்ணும் இல்ல. எந்தக் குப்பைத் தொட்டியை எந்த வாரம் எடுக்க வருவாங்க, பஸ் ஏன் நின்னு போச்சு, அவர் சம்சாரம் கடைசி நாள்ல என்ன கேட்டாங்க, நான் ஏன் ரெஜ்ஜை அடக்கம் பண்ணின அன்னிக்கு அழல. இந்த மாதிரி. மூஞ்சி தெரியாம இருந்தாத்தான் எங்க ஆளுங்களுக்கு வாய் வரும். நீங்களும் இந்த ஊருதானே, உங்களுக்குத் தெரியாதா? கடையில எதிரெதிரே வந்தோம்னா தலையை ஆட்டிட்டுப் போயிடுவோம். அவர் ரொட்டியைப் பாப்பாரு, நான் வெண்ணெயைப் பாப்பேன். வீட்டுக்கு வந்ததும் வேலிக்கிட்ட, இன்னிக்குக் கடையில உங்களைப் பாத்தேன்னு சொல்வாரு. ஆமா, நானும் பாத்தேன்னு சொல்வேன்.

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்புதான்.

அந்த எடத்துலதான் இப்ப நீங்க நிக்கறீங்க. என் நாற்காலி இருந்தது உங்க பூட்ஸுக்கு நேர் கீழ. வேலி ஓரம் முழுக்க இந்த மேடை அடைச்சுக்கிச்சு. மிச்சம் இருக்கறது உரக்குழிக்குப் பின்னாடி ஒரு சந்து. போன வாரம் அதுக்குள்ள நொழைஞ்சு போய் நின்னு, மிஸ்டர் ஆக்ராய்ட், இருக்கீங்களான்னு கூப்பிட்டேன். உள்ள ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு, நின்னுடுச்சு. சரி, வராருன்னு நெனச்சேன். கதவைச் சாத்துற சத்தம்தான் கேட்டுச்சு. அவ்வளவுதான்.

பையன்கிட்டயா? க்ரெய்க்கிட்டச் சொல்றதா? தம்பி, உங்களுக்கு அம்மா இருக்காங்களா? நீங்க அவங்களுக்கு எப்பவாவது கையால ஏதாவது செஞ்சு குடுத்திருக்கீங்களா?

என் பையன் லீட்ஸ்ல இருக்கான். நல்லவன், ஆனா எதையும் முழுசா முடிச்சதில்ல. படிப்பு பாதி, கடை பாதி, முதல் கல்யாணம் பாதி. இந்த மேடைதான் அவன் ஆரம்பிச்சு முடிச்ச முதல் காரியம். மே மாசம் என் எழுபதாவது பிறந்தநாளு. வெள்ளிக்கிழமை காலையில மருமக ஸ்டெஃப் வந்து, வாங்க அத்தை, ஸ்கார்பரோ போய் ரெண்டு நாள் கடல் பாத்துட்டு வரலாம்னு என்னைக் கார்ல ஏத்திட்டா. நாங்க அங்க மீனும் வறுவலும் தின்னுக்கிட்டிருக்கோம், இவன் இங்க லீவு போட்டுட்டு, முதுகு வலியோட, தனியா நின்னு தட்டு தட்டுன்னு தட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து எறங்கறேன், கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. அவுத்தா இது. மூலையில ஒரு சிவப்பு ரிப்பன் வேற. படி ஏறி எறங்காம சமையலறையில இருந்து நேரா வெளிய வரலாம்மா, மேல நின்னா மலை தெரியும்மான்னான். கையில தோல் உரிஞ்சு போயிருந்துச்சு.

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. அவன் அதைச் சந்தோஷத்துல வந்த தண்ணின்னு எடுத்துக்கிட்டு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். புடிச்சிருக்காம்மான்னு கேக்கறான். அந்த எடத்துல பெத்தவ என்ன சொல்லுவா? ரொம்ப அழகா இருக்குப்பான்னேன். இதைத்தாண்டா நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்னு வேற ஒரு பொய். எங்க வாய்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை வராதே. பரவால்லன்னு வரும், அழகா இருக்குன்னு வரும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு வரும். அதுக்கப்பறம் இத்தனை நாளா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோன் பண்ணி, மேடையில உக்காந்தியாம்மான்னு கேக்கறான். உக்காந்தேன்ப்பாங்கறேன்.

அதனாலதான் யாராவது வெளியாள் வந்து பிரிங்கன்னு சொன்னா நல்லா இருக்கும்னு நெனச்சேன். கவுன்சில் சொல்லிச்சுன்னா யார் மனசும் நோகாது. எல்லாரும் சேந்து கவுன்சிலைத் திட்டிட்டுப் போயிடலாம். நீங்க இருக்கறதே அதுக்குத்தானே.

ஆமாங்க. நான்தான் ஃபோன் பண்ணினேன்.

உங்க காதுல சரியாத்தான் விழுந்துச்சு. ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மிஸ் த்வெய்ட்னு ஒரு அம்மா பேசினாங்கல்ல? த்வெய்ட் எங்க அப்பா வீட்டுப் பேரு. யார் புகார் குடுத்தாங்கன்னு நீங்க வெளிய விடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் பண்ணினேன். பொய்ப் புகாரா? எது பொய்? முப்பதுக்கு மேல இருக்குன்னு சொன்னேன், இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அந்தரங்கம் போச்சுன்னு சொன்னேன், போச்சு. என் வீட்டைப் பத்தி நானே புகார் குடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?

கோவிச்சுக்காதீங்க. உங்க நேரத்தை வீணடிச்சது தப்புதான். ஆனா இப்ப நீங்க பிரிக்கச் சொல்ல முடியாதுன்னுட்டீங்க, நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். கவுன்சில்ல இருந்து ஆள் வராங்கன்னு தெரிஞ்சதும் க்ரெய்க் குதிக்கறான். அந்தக் கெழவன்தாம்மா, பக்கத்து வீட்டுக் கெழவன்தான் போட்டுக் குடுத்துட்டான், சனிக்கிழமை வந்து அவன் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேக்கறேங்கறான். இல்லடா, அவரு அப்படிப்பட்டவரு இல்லன்னா, நீ எப்பவும் எல்லாருக்கும் பரிஞ்சு பேசுவன்னு ஃபோனை வச்சுட்டான். சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? அந்த மனுசன் என்ன பாவம் பண்ணினாரு? கொல்லையும் போய், தெருவுல வேற நின்னு திட்டு வாங்கணுமா?

முன்வாசல் கதவை நானே போய்த் தட்டறதா? சொல்றது சுலபம் தம்பி. இத்தனை வருசத்துல அந்தக் கதவை ஒரே ஒரு தடவை தட்டியிருக்கேன், அவருக்கு வந்த பார்சலை எங்க வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு. அவரு கதவைத் தெறந்தாரு, நான் நீட்டினேன், ரெண்டு பேரும் செவந்து போய் நின்னோம், நன்றின்னாரு, சாத்திட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் வேலிக்கிட்டதான் பார்சல்ல என்ன இருந்துச்சுன்னே சொன்னாரு. ஒரு ஜோடி செருப்பு. மூஞ்சியைப் பாத்தா எங்களுக்குப் பேச வராதுன்னு சொல்றேன், நீங்க திரும்பத் திரும்ப மூஞ்சியைப் பாக்கச் சொல்றீங்க.

அது தெரியும். பிரிக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம், நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பிரிச்சுடலாம், தெரியும். அதை என் பையன்கிட்டச் சொல்றதுக்கு ஏதாவது அனுமதி இருந்தாக் குடுங்க, வாங்கிக்கறேன்.

சரி, போயிட்டு வாங்க. கோழிக்கூட்டுக்காரங்க காத்துக்கிட்டிருப்பாங்க. பக்கவாட்டுக் கதவு வழியாப் போங்க, தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், தூக்கித் தள்ளணும்.

தம்பி, ஒரு நிமிஷம். மேடை விஷயம் இல்ல, வேற ஒண்ணு கேக்கணும். ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல இருக்கற வேலியில, இந்த மாதிரி ஒரு சின்னக் கதவு வச்சாங்கன்னா, அதுக்குக் கவுன்சில் அனுமதி வேணுமா?

வேண்டாமா. வேலியை விட உசரம் இல்லாம இருந்தா சரி. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாப் போதும். நல்லது. அவரும் அப்படித்தான் சொன்னாரு.

மிஸ்டர் ஆக்ராய்ட்தான். அவருக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. நான் ஸ்கார்பரோ போறதுக்கு முதல் நாள், வியாழக்கிழமை சாயங்காலம். பஸ்ஸைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். அப்பறம் பலகையை ரெண்டு தட்டு தட்டினாரு. பாலின்னு கூப்பிட்டாரு. அதுவரைக்கும் ஒரு நாள் கூடப் பேர் சொன்னதில்ல. இங்க, நான் தட்டுற இந்த எடத்துல, ஒரு கதவு வச்சா உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு. நாளைக்கு வெளியூர் போறேன், ஞாயித்துக்கிழமை வந்து பதில் சொல்றேன்னேன். அவசரமே இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு.

வெள்ளிக்கிழமை நான் கெளம்பின கையோட அவர் தட்டின அதே எடத்துல சுத்தியல் சத்தம் ஆரம்பிச்சுது. நான் ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் அந்த மனுசன் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை பாத்தா, கதவு வைக்கலாமான்னு கேட்ட எடத்துல இடுப்பு உசரத்துக்கு ஒரு மேடை. என் பதில் இதுதான்னு எடுத்துக்கிட்டாரு. அவரை எப்படிக் குத்தம் சொல்றது?

ஸ்கார்பரோல இருந்து வர்ற வழியெல்லாம், ஸ்டெஃப் ஏதோ பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறா, நான் சன்னல் பக்கம் திரும்பி, சரிங்க, கதவு வச்சுக்கலாம்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.